அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால்: வட சென்னைக்காரர்களின் அனுபவங்கள்

தேரடி வாசி, திருவொற்றியூர்:

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், மூடியைக் கழற்றும் முன்பே "போர்டு போயிடுச்சு சார்" என்று தீர்ப்பு வந்துவிடும். தெருவில் நாலு பேருக்குப் பழுது பார்த்துக் கொடுக்கிறவன் நான். பார்த்தவரையில் போர்டு, அதான் எல்லாப் பாகமும் செருகும் மதர்போர்டு, நிஜமாகவே போயிருந்தது குறைவு. பாகம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு பாகமும் இன்னொரு பாகமும் சேரும் இடத்தில்தான் கோளாறு.

கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடு ஒன்றுக்குப் போன மாதம் போனேன். ஜன்னலோரம் கேபினெட். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று குட்டி விளக்குகள் இருக்கும் அல்லவா, அதில் டிராம், அதாவது ராமுக்கான விளக்கு அணையவே இல்லை. அதுதான் சாட்சி. பக்கத் தகட்டைக் கழற்றினால் ஸ்க்ரூ தலையெல்லாம் துரு, பின்பக்க போர்ட் தகடு பழுப்பு. ராமை உருவி வெளிச்சத்தில் சாய்த்தேன். தங்க நிறப் பல் வரிசையில் நாலைந்து பல் மட்டும் மங்கி, புகை படிந்தது போல இருந்தது. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லிசு. உப்புக் காற்று ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் தொடுமுனை கெடத்தான் செய்யும்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, காயவிட்டு, ஸ்லாட்டில் "டக்" என்று இரண்டு முனையும் பூட்டும்வரை அழுத்தினேன். வந்துவிட்டது. நிறையப் பேர் ரப்பர் வைத்துத் தேய்ப்பார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போகும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். எதைச் செய்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள், உள்ளே தங்கிய கரண்ட் வடியும்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

வயர்மேன், ராயபுரம்:

அண்ணே, நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, கரண்ட் வேலை. ஆனால் கம்ப்யூட்டர் பழுது என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு. "கேபினெட்டைத் தொட்டால் சுள்ளுன்னு அடிக்குது, செருப்புப் போட்டா இல்லை" என்பார்கள். சில வீட்டில் அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸையே, அதான் உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியையே, மாற்றியிருப்பார்கள். புதுசும் சுள்ளென்றுதான் அடிக்கும்.

காரணம் எளிது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிக்க ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கும். அவற்றின் கசிவு எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் உடல் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வாக்கில் மிதக்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். கசிவு மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் இரண்டும் ஆனில் இருக்கும்போது கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ செருகினீர்கள் என்றால், அந்த வித்தியாசம் முழுக்க போர்ட் வழியாகப் பாயும். ஒரு சின்னப் பொறி, அப்புறம் அந்த போர்ட்டில் படம் வராது. கிராபிக்ஸ் கார்டு மட்டம் என்று கார்டைத் திட்டுவார்கள்.

நம்ம பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இல்லையென்றால் பெரிய பின் இல்லாத அடாப்டரில் செருகியிருப்பார்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்தால் ஃபேஸ் – நியூட்ரல் 230 சுற்றி, ஃபேஸ் – எர்த் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல் – எர்த் ஓரிரு வோல்ட் இருக்க வேண்டும். ஃபேஸ் – எர்த் பாதியைக் காட்டினாலோ தாவிக்கொண்டே இருந்தாலோ எர்த் இல்லை என்று அர்த்தம். இதைப் பழக்கம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம், ஆளை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் கோத்து "எர்த் குடுத்தாச்சு" என்று காசு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் உங்கள் கேபினெட் உடலில் முழு 230 நிற்கும். அது சுள்ளென்று அடிக்காது, ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

காசிமேட்டுப் பையன்:

எங்கள் வீட்டுக் கதை சின்னது. "டமால்" என்று சத்தம், எம்சிபி விழுந்தது, கருகல் நாற்றம். எஸ்எம்பிஎஸ்ஸின் வலைக்குள் டார்ச் அடித்தால் ஒரு பல்லி. கேபினெட்டின் பின்னால் கார்டு ஸ்லாட் மூடி ஒன்று இல்லை, அந்த வழியாக உள்ளே வந்து, சூட்டுக்கு ஆசைப்பட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் புகுந்திருக்கிறது. உள்ளே 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும் இடமெல்லாம் உண்டாம், பாவம். எஸ்எம்பிஎஸ் போச்சு, மற்றது எல்லாம் தப்பியது. இப்போது ஓட்டைகளுக்குக் கொசு வலை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

தேரடி வாசி:

தம்பி, வலை போட்டது சரி. காற்று உள்ளே போகும் முன்பக்கத்தில் மட்டும் மாசம் ஒருமுறை தட்டி விடு, இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். செத்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

எண்ணூர்க்காரன்:

வலை பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் ஊருக்கு வாருங்கள். மொட்டை மாடியில் காலையில் பெருக்கினால் சாயங்காலம் கால் கருக்கும். அதே தூசிதான் கூலர் இடுக்கிலும் கம்பளி மாதிரி படிகிறது. மே மாதம் வீடியோ எடிட்டிங் போட்டால் சிபியு 100 டிகிரியைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "ஸ்லோ ஆயிடுச்சு, புது சிபியு போடு" என்றார்கள். சுத்தம் செய்து, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன், பழைய வேகம் வந்துவிட்டது. அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் சிபியு சூடும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும், அது விதி. புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

ஏஎம்4 சாக்கெட் ரைசன் சிபியு வைத்திருப்பவர்களுக்கு: கூலரை நேரே மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, பூட்டியிருக்கும்போதே சிபியுவும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், சிபியுவின் அடியில் இருக்கும் ஊசிக் கால்கள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, லேசாக இடமும் வலமும் திருகிக் கழற்றுங்கள்.

ஜெராக்ஸ் கடை அக்கா, வியாசர்பாடி:

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்குள் முழங்கால் தண்ணீர், அதுவும் சாக்கடை கலந்தது. தரையில் இருந்த கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்துக் கடைக்காரர் தன்னுடையதை வெயிலில் வைத்து மறுநாளே ஆன் செய்தார். அதோடு எல்லாம் முடிந்தது.

என் தங்கச்சி மகன் என்னுடையதை ஆன் செய்யவே விடவில்லை. முதலில் போர்டில் இருந்த காசு மாதிரி வட்ட பேட்டரியைப் பிடுங்கினான், அந்த 3 வோல்ட்டே ஈரத்தில் போர்டை அரிக்குமாம். போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் கேன் தண்ணீரில் அலசி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சேற்றை எடுத்து, ஆல்கஹால் ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே நாள் கணக்கில் காயவிட்டான். எஸ்எம்பிஎஸ்ஸைக் காயவைக்கவே இல்லை, நேரே குப்பைக்கு. ஹார்ட் டிஸ்கில் கரண்ட் கொடுக்காமல் டேட்டா மீட்கிறவர்களிடம் கொடுத்தோம். போர்டு இன்றைக்கும் ஓடுகிறது, சவுண்டு போர்ட் மட்டும் கேட்காது. இப்போது கம்ப்யூட்டர் மேஜைக்கு மேல். மழைக்காலம் என்றால் அலமாரிக்கு மேல்.

பெரம்பூர் கேமர்:

அக்கா கதைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. கேமில் சண்டை உச்சத்துக்குப் போகும், சட்டென்று கருப்புத் திரை, ரீஸ்டார்ட். பிரவுசிங் பார்த்தால் நாள் முழுக்க ஓடும். கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு நண்பன் வீட்டில் போட்டுப் பார்த்தோம், அங்கே அருமையாக ஓடியது. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 500 வாட். சின்ன எழுத்தைப் படித்தால் 12 வோல்ட் லைனில் 25 ஆம்பியர். பெருக்கினால் 300 வாட்தான். சிபியுவும் கார்டும் குடிப்பது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டில்தான். ஸ்டிக்கரின் பெரிய எழுத்தை நம்பி யாரும் வாங்காதீர்கள்.

தண்டையார்பேட்டை மாணவன்:

அண்ணன்களே, அவசரம். காலேஜுக்காக முதல்முறை நானே அசெம்பிள் செய்தேன். ஏஎம்5 சாக்கெட் போர்டு, டிடிஆர்5 வகை ராம் இரண்டு. ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறது, டிராம் விளக்கு எரிகிறது, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஆஃப் செய்கிறேன். திரும்பத் திரும்ப இதே கதை. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேரடி வாசி:

பயப்படாதே தம்பி. ராம் இரண்டும் சிபியு பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்கிறதா பார். அப்புறம் ஆன் செய்துவிட்டுத் தொடாதே. டிடிஆர்5-ல் முதல் தடவை போர்டு ராமோடு பழகிக்கொள்ளவே பல நிமிஷம் எடுக்கும். நீ பாதியில் அணைப்பதால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. போய் டீ குடித்துவிட்டு வா.

தண்டையார்பேட்டை மாணவன்:

ராம் முதல் இரண்டு ஸ்லாட்டில் இருந்தது, மாற்றினேன். டிராம் விளக்கு அணைந்துவிட்டது! ஆனால் இன்னும் படம் வரவில்லை அண்ணே.

பெரம்பூர் கேமர்:

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறாய்? போர்டிலா, கிராபிக்ஸ் கார்டிலா? சிபியு பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இருக்காது, போர்டு போர்ட்டில் படமே வராது.

தண்டையார்பேட்டை மாணவன்:

எஃப்தான். கார்டுக்கு மாற்றினேன், போர்டின் பயாஸ் திரை வந்துவிட்டது. அப்பா டீ போட்டுக்கொண்டிருக்கிறார்.

வயர்மேன், ராயபுரம்:

தம்பி, கேபினெட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தாயா?

தண்டையார்பேட்டை மாணவன்:

எரிகிறது அண்ணே.

வயர்மேன், ராயபுரம்:

ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி வை. எந்தத் தெரு என்று தனியாகச் சொல், ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறேன்.