பார்படோஸ் வில்லாவில் நாமே சமைத்துத் தங்குவது: தெரிந்தவர்கள் சொல்பவை

கரீபியன் தீவான பார்படோஸில் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் வில்லாவின் விளம்பரத்தில் "முழு வசதியுள்ள சமையலறை" என்று இருந்தால், நம் சமையலுக்கு அது போதும் என்று நம்பிவிடாதீர்கள். அடுப்பு, அவன், பெரிய ஃப்ரிட்ஜ், காபி மேக்கர், வைன் கிளாஸ் எல்லாம் இருக்கும். பிரஷர் குக்கர், தோசைக்கல், சட்னி அரைக்கிற மிக்ஸி பெரும்பாலும் இருக்காது. புக் செய்வதற்கு முன்பே பாத்திரப் பட்டியலையும் அடுப்பின் ஃபோட்டோவையும் கேட்டு வாங்குங்கள். கேஸ் அடுப்பு என்றால் நிம்மதி. கண்ணாடி மேல்தட்டு மின் அடுப்பு என்றால் அடி தட்டையாக உள்ள பாத்திரம்தான் சரிப்படும். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடாகவே செய்யாது.

அங்கே மின்சாரம் 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் அமெரிக்காவில் உள்ள தட்டை முள் வகை. நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸியை அடாப்டர் மாட்டி ஓட்டினால் பிளேடு சோம்பலாகச் சுற்றும், உளுந்து அரைபடாது, மோட்டார் சூடேறும். ரைஸ் குக்கர் அதைவிட மோசம். வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசிக்கு இறங்கிவிடும், அரிசி வேகாமல் ஊறிக் களியாகிவிடும். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. ஃபோன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

ஆகவே கையோடு கொண்டுபோக வேண்டியது அடுப்பில் வைக்கிற 3 லிட்டர் பிரஷர் குக்கர், எவர்சில்வர் நல்லது. செக்-இன் பெட்டியில், உள்ளே எதையும் அடைக்காமல் காலியாக வையுங்கள், ஸ்கேனரில் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. கேஸ்கெட்டும் வெயிட்டும் தனிப் பையில். உபரியாக ஒரு கேஸ்கெட் கட்டாயம், அது அங்கே கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். அது பவளச் சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வருவதால் கடின நீர். கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சுண்ணாம்புதான். பருப்புக்கு மட்டும் தொந்தரவு: கால்சியம் தோலையும் உள்சதையையும் இறுக்கிவிடும், வழக்கமான விசிலில் மசியாது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். பருப்பு குழைந்த பிறகே புளி.

* * *

மேலே பருப்பு பற்றி எழுதிய அக்கா சொன்னது முழுக்கச் சரி. எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்பதை நான் சேர்க்கிறேன்.

மேற்குக் கரையில் தங்கினால் ஹோல்டவுன் பக்கம் சன்செட் கிரெஸ்டில் மாஸி சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. தெற்குக் கரைக்கு வொர்த்திங்கிலும் ஆய்ஸ்டின்ஸிலும் அதே கடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை நேரம் குறைவு. ஞாயிறு மதியம் வந்திறங்குகிறவர்கள் முதல் இரவுக்கு ரவை, உப்புமா சாமான், பால் பவுடர் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும், குழந்தைகள் இருந்தால் கட்டாயம். விலை கூடுதலாகத்தான் இருக்கும், உணவில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது.

துவரம்பருப்பைத் தேடி அலையாதீர்கள். மஞ்சள் பட்டாணிப் பருப்பு எல்லா இடத்திலும் கிடைக்கும், சாம்பாருக்கு நன்றாகவே பொருந்தும். டிரினிடாடிலும் கயானாவிலும் இந்திய வம்சாவளியினர் ஏராளம் என்பதால் கொண்டைக்கடலை, சீரகம், பருப்பு வைத்த ரொட்டி எல்லாம் பார்படோஸிலும் புழக்கத்தில் உண்டு. ஆனால் அங்கே விற்கும் கறிப்பொடியில் மஞ்சளும் சீரகமும் தூக்கலாக இருக்கும், காரம் இருக்காது. சாம்பார் பொடி, பெருங்காயம், கடுகு கம்பெனி பாக்கெட்டாக, பிரிக்காமல் கொண்டுபோய்ச் சுங்கப் படிவத்தில் எழுதிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், நடுகிற விதை வேண்டாம். அனுமதி இல்லாவிட்டால் பறிமுதல்.

காய்கறிக்குத் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் சீப்சைடு சந்தை, சனிக்கிழமை காலை. வெண்டை, பூசணி, மரவள்ளி, சௌசௌ, ஈரப்பலா கிடைக்கும். ஈரப்பலாவை வெட்டும்முன் கத்தியில் எண்ணெய் தடவுங்கள், பால் ஒட்டாது. தோல் சீவி, நடுத்தண்டை எடுத்து, உப்பு நீரில் 20 நிமிடம் வேகவைத்தால் வறுவலுக்குத் தயார். ஸ்காட்ச் பானெட் மிளகாய் நம் பச்சை மிளகாயைவிடப் பல மடங்கு காரம். கீறாமல் முழுசாகக் குழம்பில் போட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிடுங்கள். உடைந்தால் குழந்தைகளுக்குத் தனிச் சமையல்தான்.

மீனுக்கு ஆய்ஸ்டின்ஸ். வெள்ளி இரவு அங்கே திருவிழாக் கூட்டம், ஆகவே வாங்குவதற்குப் பகலில் போங்கள். டிசம்பர் முதல் ஜூன் வரை கோலா மீன் காலம். முள் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அவர்கள் கை வேகம் பார்க்கவே அழகு. கிங்ஃபிஷ் நம் வஞ்சிரத்தின் இனம், துண்டு போட்டு வாங்கினால் குழம்புக்கும் வறுவலுக்கும் ஆகும்.

சமைத்ததை மேடையில் திறந்து வைக்காதீர்கள். பச்சைக் குரங்குகள் திறந்த கதவு வழியாக வந்து பழத்தை அள்ளிக்கொண்டு போகும்.

* * *

சாப்பாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நீச்சல் குளம். பல வில்லாக்களில் ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலு எட்டில் தண்ணீர். வேலி இருக்காது. சிறு குழந்தை இருந்தால் 4 அடி உயரக் கழற்றி மாட்டும் வலை வேலி கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள், இல்லை என்றால் வேறு வில்லா பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்கும்முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: கண்ணாடிக் கதவில் குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள் உண்டா, குளத்தடி வடிகால் மூடி உடையாமல் இறுகியிருக்கிறதா, ஆழம் எங்கே திடீரென்று இறங்குகிறது. பெரியவர்கள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பது காவல் ஆகாது. இன்னொருவர் பார்க்கிறார் என்று எல்லாரும் நினைப்பார்கள். 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அவர் கையில் ஃபோன் இருக்கக்கூடாது.

கடலில் குழந்தைகளுக்கு மேற்குக் கரை: பெய்ன்ஸ் பே, மல்லின்ஸ். தெற்கில் அலை கொஞ்சம் கூடும். கிழக்கே பத்ஷீபா பார்க்க மட்டும். நீரோட்டம் இழுத்துவிடும், நன்றாக நீந்துகிறவர்களுக்கும் அதே கதி. சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி ஒதுங்குவதும் பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும்தான்.

கரையோர மரங்களில் சிவப்பு வளையம் அல்லது எச்சரிக்கைப் பலகை தெரிந்தால் அது மான்சினீல் என்ற விஷ மரம். காய் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி, இனிய வாசனை, கடும் விஷம். பால் பட்டாலே கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரும் சுடும். மற்ற எல்லா எச்சரிக்கையையும் குழந்தைகள் மறந்தாலும் பரவாயில்லை, இந்தக் காயை மட்டும் கண்ணால் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

வெயில் நமக்குப் பழகியதுதான், பார்படோஸும் சென்னையும் 13 டிகிரி வடக்கில். ஆனால் ஓயாமல் வீசும் காற்றில் தோல் கருகுவது உறைக்காது.

* * *

சுருக்கமாக மீதி. வாடகை பெரும்பாலும் அமெரிக்க டாலரில், கடையில் பார்படோஸ் டாலர். 1975 முதல் 2 பார்படோஸ் டாலருக்கு 1 அமெரிக்க டாலர் என்று நிலையான மதிப்பு. மிச்சச் சில்லறையை ஊர் திரும்பும்முன் செலவழியுங்கள், வெளியே மாற்றுவது கஷ்டம். வாடகையில் வரி, சேவைக் கட்டணம், ஏ.சி. மின்செலவு அடக்கமா என்று கேளுங்கள், ஏ.சி. படுக்கையறையில் மட்டும் இருப்பது சகஜம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டுமே என்றாலும் அமெரிக்க விசா வேண்டும்.

கார் இடதுபுறம் ஓட்டுவது. வெளிநாட்டவர் ஓட்டுவதற்கான விசிட்டர் பெர்மிட்டை வாடகைக் கார் கம்பெனியே போட்டுத் தரும். கரும்புத் தோட்டச் சாலைகள் குறுகல், சிறிய காராக எடுங்கள். பஸ் கட்டணம் எவ்வளவு தூரமானாலும் 3.50 பார்படோஸ் டாலர். நீல நிற அரசுப் பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள்.

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2024 ஜூலையில் பெரில் புயல் தீவுக்குத் தெற்கே கடந்து போனபோதே மீன்பிடிப் படகுகள் ஏராளமாக உடைந்தன. பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே எடுங்கள், புயலுக்குப் பெயர் வைத்தபின் வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது. ராணுவ உடை மாதிரித் திட்டுத்திட்டான (கேமஃப்ளாஜ்) டிசைன் போட்ட துணி குழந்தைக்குக்கூட அங்கே சட்டவிரோதம், பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். போலீஸ் 211, தீயணைப்பு 311, ஆம்புலன்ஸ் 511. ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி, பக்கத்திலேயே வில்லாவின் பெயரையும் தெருவையும் எழுதுங்கள்.