கராச்சி மியூசியத்தில் நம்ம நாட் விமானம் எப்படி?

தென்னங்கீற்று:
கராச்சியில் இருக்கும் பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குட்டி ஜெட், இந்திய விமானப்படையின் மூவர்ண வட்டத்தோடு, ஐஇ1083 என்ற எண்ணோடு நிற்கிறது. சுட்டு வீழ்த்தியதாக இருந்தால் இப்படி முழுசாக இருக்காதே? 1965 போரில் பிடிபட்டது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேகவண்ணன்:
அது நம் விமானப்படையின் 23ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவு) நாட் என்ற குட்டிப் போர் விமானம். ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிகந்த். செப்டம்பர் 1ஆம் தேதி ஜம்மு எல்லையில் சாம்ப் பகுதியில் நம்முடைய பழைய வாம்பயர் விமானங்கள் நாலு வீழ்ந்துவிட்டன, பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்துக்கு முன்னால் அவை நிற்கவே முடியாது. அதனால் நாட் விமானங்களைப் பதான்கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 3ஆம் தேதி காலை ரேடாரில் தெரியட்டும் என்று மிஸ்டேர் விமானங்களை உயரத்தில் பறக்கவிட்டு, நாட் விமானங்கள் தாழப் பறந்து பின்னாலேயே போயின. சேபர்கள் தூண்டிலில் சிக்கின, சண்டை மூண்டது, அந்தக் களேபரத்தில் சிகந்த் தனியாகப் பிரிந்துவிட்டார். கடைசியில் எல்லைக்கு அந்தப்பக்கம் பஸ்ரூர் என்ற சின்ன ஓடுதளத்தில் இறங்கினார். சேதமில்லாமல் இறங்கியதால்தான் விமானம் முழுசாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஏற்கெனவே நாட் ஓட்டிப் பழகியிருந்த சாத் ஹாத்மி என்ற பாகிஸ்தான் விமானி அதை அங்கிருந்து அவர்களுடைய சர்கோதா விமானத் தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

பழையராடார்:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தைப் பார்த்து சிகந்த் சரணடைந்துவிட்டார் என்பது பாகிஸ்தான் தரப்பு. வழி தவறி, எரிபொருள் குறைந்து, நம்முடைய தளம் என்று நினைத்து இறங்கினார் என்பது இந்தியத் தரப்பு. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் போர்க்கைதியாக இருந்து திரும்பி வந்தவரை விமானப்படை ஒதுக்கவில்லை, ஏர் மார்ஷல் வரை உயர்ந்தார். அதே சண்டையில் நம் நாட் விமானி ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக வீர் சக்ரா வாங்கினார், ஆனால் அதை ஓட்டிய யூசுஃப் அலி கான் அந்த சேபரை அடிபட்ட நிலையிலேயே தளத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார் என்கிறது பாகிஸ்தான். நம்ம பக்கத்துக் கதையையும் சரிபார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தென்னங்கீற்று:
மிக்க நன்றி! இவ்வளவு குட்டியான விமானம் சேபரோடு எப்படி மோதியது என்பதுதான் இன்னும் புரியவில்லை.

மேகவண்ணன்:
குட்டியாக இருந்ததுதான் அதன் பலமே. நீளம் 9 மீட்டருக்கும் குறைவு, தூரத்தில் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. போர் விமானங்கள் நாளுக்கு நாள் கனமாகி விலையும் ஏறுவதைப் பார்த்து, சின்னதாக ஒன்று செய்தால் என்ன என்று பெட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது இது. பிரிட்டிஷ் விமானப்படை பயிற்சி விமானமாக மட்டும் வாங்கியது, நாம்தான் பெங்களூரில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஆலையில் கட்டிச் சண்டைக்குப் பயன்படுத்தினோம். துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்ளும், அது பெரிய தலைவலி.

ஊர்க்குருவி:
நான் ஒரு நாட் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காற்று உள்ளே போகும் வாயின் வெளிப்பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக 30 மில்லிமீட்டர் பீரங்கி, கை நீட்டினால் எட்டும் உயரம்தான். சக்கரக் கால்கள் கையளவுதான் இருக்கும். வானத்தில் வேகத்தைக் குறைக்கவும் அந்தக் கால்களையே பாதி இறக்குவார்களாம், தனியாக ஏர்பிரேக் கிடையாது. அதைக் கேட்டபிறகு இன்னொரு தடவை குனிந்து அந்தச் சக்கரங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.