பையனோட ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கேக்கறாங்க, கையெழுத்து போடலாமாங்க?

ஈரோட்டு_அம்மா

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க. பையனுக்கு 7 வயசு. போன தை மாசம் ரெண்டு நாள் காய்ச்சல், வாந்தி. வயித்துக்கு எதோ ஒத்துக்கலைன்னு கசாயம் குடுத்துட்டு இருந்தேன், மூணாம் நாள் காலைல ஒண்ணுக்கு போனவன் அம்மா வரக்காப்பி மாதிரி வருதுன்னு கத்தறான். போய் பாத்தா நெசமாவே வரக்காப்பி. கண் ரெப்பைய இழுத்துப் பாத்தா உள்ள சிவப்பே இல்ல. முதல்ல காட்டின எடத்துல மஞ்சக்காமாலைன்னு சொல்லி ரெண்டு நாள் ஓட்டிட்டாங்க, அதுக்குள்ள மூஞ்சி வீங்கி ஒண்ணுக்கே நின்னுபோச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனப்ப ஹீமோகுளோபின் 5, பிளேட்லெட் 30 ஆயிரம், கிட்னி கெட்டா ஏறற கிரியேட்டினின் 6. ஹெச்யூஎஸ்னு சொன்னாங்க, ரத்த அணு உடைஞ்சு கிட்னியும் கெடற வியாதியாம். ஏதோ ஃபேக்டர் ஹெச் ஆன்டிபாடியாம், அது ரொம்ப ஜாஸ்தின்னு சொல்லி டயாலிசிஸ் பண்ணி பிளாஸ்மா (ரத்தத்துல அணு போக மிச்சம் இருக்கற மஞ்சத் தண்ணி) மாத்தினாங்க.

இப்ப வீட்டுக்கு வந்து 3 மாசம். பிரெட்னிசோலோன், மைக்கோஃபினோலேட், பிபி மாத்திரை ஓடுது. கிரியேட்டினின் 0.7. ஸ்கூல் கூட போறான்.

விஷயம் என்னன்னா போன செக்கப்ல டாக்டரம்மா ஒரு ஸ்டடி நடக்குது, 5 எம்எல் ரத்தம் கூடுதலா எடுத்துக்கறோம், ஜீன் டெஸ்டும் பண்ணுவோம்னு 6 பக்க ஃபாரம் குடுத்தாங்க. வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாங்கறார். நாங்க சொந்தத்துல கட்டினவங்க, அத்தை பையன்தான். மாமியார் வேற ஜீன்னு எழுதி வெச்சுட்டா நாளைக்கு சின்னவளுக்கு யாரு பொண்ணு கேட்டு வருவான்னு ஆரம்பிச்சுட்டாங்க (அவளுக்கு 4 வயசுதான் ஆகுது!). போடலைன்னா டாக்டர் மொகம் மாறிடுமோன்னும் பயமா இருக்கு. யாராவது இப்படி குடுத்திருக்கீங்களா?

ரகு_சேலம்

போடாதீங்க சிஸ்டர். நம்ம புள்ளைங்க என்ன சோதனை எலியா. அவங்களுக்குப் பேப்பர் போட்டுப் பேர் வாங்கணும், நமக்கு என்ன லாபம். நல்லானதே கடவுள் புண்ணியம்னு விட்டுருங்க.

மாயவரம்_கீதா

ரகு தம்பி, கோவப்படாம ஒரு நிமிஷம். என் பொண்ணுக்கு 6 வருஷம் முன்னாடி இதே வியாதி, இதே ஆன்டிபாடி. பிளாஸ்மா மாத்தற மெஷின்ல படுத்திருக்கும்போது அம்மா ஒதடெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு அழுவா, நான் பயந்து கத்துவேன், சிஸ்டர் ஓடிவந்து கால்சியம் போட்டதும் சரியாயிடும். ரத்தம் உறையாம இருக்க சேக்கற மருந்து கால்சியத்தைக் கட்டிப்போட்டுடுமாம், அப்புறம்தான் சொன்னாங்க. மஞ்சளா பைபையா பிளாஸ்மா தொங்கும். எத்தனை பேர் குடுத்த ரத்தத்துலேருந்து வந்ததுன்னு எண்ணிட்டே உக்காந்திருப்பேன், ஒரு நாளைக்கு ஏழெட்டு பை. யாரோ முகம் தெரியாதவங்க குடுக்கலைன்னா எம்பொண்ணு இல்ல.

ஸ்டடிக்கு நான் குடுத்தேன். மாசாமாசம் எப்படியும் குத்தறாங்க, அதே ஊசியிலதான் எடுத்தாங்க, தனியா குத்தலை. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன், படிக்காமலே போட்டேன். ஜீன் ரிசல்ட் வருமான்னு கேட்டா இது ஆராய்ச்சிக்கு மட்டும், ரிப்போர்ட் தரமாட்டோம்னு 9வது பாயின்ட்ல இருந்திருக்கு. நீங்க அதை முதல்லயே கேட்டுடுங்க.

ராத்திரி_டூட்டி (குழந்தைங்க கிட்னி பிரிவுல படிச்சிட்டு இருக்கேன்)

மேடம், உங்க பையனைப் பாக்காம வைத்தியம் சொல்லமாட்டேன், மாத்திரையப் பத்தி அங்கயே கேளுங்க. ஆராய்ச்சிங்கற விஷயத்தைப் பத்தி மட்டும் பேசறேன்.

நம்ம ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு ஒரு காவல் படை இருக்கு, கிருமி வந்தா கடிக்கற நாய் மாதிரி. அது வீட்டாளையே கடிக்காம கயிறு பிடிச்சிருக்கறது ஃபேக்டர் ஹெச். உங்க பையன் உடம்பு அந்தக் கயிறுக்கே எதிரா ஆன்டிபாடி செஞ்சிடுச்சு. நாய் அவுத்துக்கிட்டு ரத்தக்குழாயோட உள்சுவரைக் கடிக்குது, அங்கங்க குட்டிக்குட்டியா ரத்தம் உறையுது, பிளேட்லெட் எல்லாம் அதுலயே தீந்துபோகுது, அந்த சந்துல நுழைஞ்சு வர்ற சிவப்பணு கிழிஞ்சு போகுது. ஸ்லைடுல பாத்தா உடைஞ்ச வளையல் துண்டு மாதிரி கிடக்கும். கிட்னி முழுக்க இந்த மாதிரி சின்னக் குழாய்தான், அதான் ரத்தமும் கிட்னியும் ஒரே நேரத்துல படுக்குது. வரக்காப்பி கலர் அந்தக் கிழிஞ்ச அணுவோட சாயம்.

இந்த நோய்க்குப் பேர் வெச்சது 1955ல சுவிட்சர்லாந்துல காஸர்ங்கற டாக்டர். நம்ம பக்கம் முன்னாடி ரத்தபேதிக்கு அப்புறம்தான் இது நிறைய வரும், ஷிகெல்லா கிருமி. அதைத் தென்னிந்தியக் குழந்தைங்ககிட்ட பாத்து வேலூர் டாக்டருங்க 1978லயே எழுதியிருக்காங்க. ஃபேக்டர் ஹெச் ஆன்டிபாடி பத்தி முதல்ல சொன்னது 2005ல பிரான்ஸ்ல, வெறும் 3 குழந்தைங்களை வெச்சு. ஐரோப்பாவுல பேதி இல்லாம வர்ற ஹெச்யூஎஸ்ல சுமார் 10ல ஒருத்தருக்குத்தான் இந்த ஆன்டிபாடி, அதனால அங்க இது அபூர்வம். இங்க தேடினா கதையே வேற. டெல்லி எய்ம்ஸ் டாக்டருங்க பல ஆஸ்பத்திரிகளைச் சேத்து 2014ல போட்ட ஆய்வுல 138 குழந்தைங்க, மொத்த ஹெச்யூஎஸ்ல 56 சதவீதம். பாதிக்கு மேல! அந்தப் பிள்ளைங்க ரத்தம் குடுக்கலைன்னா நாமளும் இது அபூர்வம்னு விட்டுட்டு அந்த டெஸ்ட்டையே அனுப்பியிருக்க மாட்டோம்.

அதே ஆய்வுலதான் ஆன்டிபாடி அளவு 8000க்கு மேல, சி3ங்கற காம்ப்ளிமென்ட் புரதம் கம்மி, பிளாஸ்மா மாத்த லேட் ஆகறது, இந்த மூணும் ஆபத்துன்னு வந்துச்சு. பிளாஸ்மாவும் எதிர்ப்புசக்தியை அடக்கற மருந்தும் சேத்துக் குடுத்தவங்க கிட்னிதான் நல்லா பொழச்சது. தொடர்ந்து மருந்து எடுத்தவங்களுக்கு திரும்ப வர்றதும் குறைஞ்சது. நீங்க டெய்லி குடுக்கற அந்த மைக்கோஃபினோலேட்டும் அந்த மாதிரி மருந்துதான் மேடம். வெளிநாட்டுல எக்குலிசுமாப்னு ஒரு ஊசி, 2011ல இந்த நோய்க்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, வருஷத்துக்குக் கோடிக்கணக்குல செலவு. அதை நம்பி உக்காந்திருந்தா ஆகாது. அந்த 138ல 3 மாசத்துக்குள்ள 36 குழந்தைங்க ஒண்ணு இறந்துட்டாங்க இல்ல கிட்னி பெருமளவு போயிடுச்சு, அதையும் மறைக்க விரும்பலை. அவங்க ரத்தமும் அந்தக் கணக்குல இருக்கு.

மாமியார் கேள்விக்கு வர்றேன். இந்தக் குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு சிஎஃப்ஹெச்ஆர்1ங்கற ஜீன் ரெண்டு பிரதியும் இல்லாம இருக்கும், அந்த ஆய்வுல பாத்த 68 பேர்ல 60 பேருக்கு அப்படி. ஆனா ஒரு நோவும் இல்லாம ஊருக்குள்ள நடமாடறவங்கள்லயும் அந்த ஜீன் இல்லாதவங்க இருக்காங்க. அந்த ஜீன் இல்லைங்கறதால மட்டும் வியாதி வந்துடாது. அத்தை பையனைக் கட்டினதால வந்துச்சுன்னு உங்க தலையில யாராவது போட்டா ஏத்துக்காதீங்க.

போடலைன்னா வைத்தியத்துல ஒரு குறையும் வைக்கக்கூடாது, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) விதி அது. போட்டுட்டு நடுவுலயும் விலகலாம். தமிழ்ல ஃபாரம் கேளுங்க, ஒரு காப்பி உங்க கைக்கு வரணும், ஆராய்ச்சி ஒழுங்கா நடக்குதான்னு பாக்கற எதிக்ஸ் கமிட்டி போன் நம்பர் அதுல இருக்கணும். பேரை எடுத்துட்டு நம்பர் போட்டு வெப்பாங்களான்னும், மிச்ச ரத்தத்தை வேற ஆராய்ச்சிக்கு எடுப்பாங்களான்னும் கேளுங்க. அதுக்கு மட்டும் இல்லன்னு சொல்லவும் வழி இருக்கும். இன்னொண்ணு, 7 வயசு ஆயிடுச்சுன்னா பையன்கிட்டயும் வாய்வழியா சம்மதம் கேக்கணும். நிறைய பேர் இதை விட்டுடறாங்க, எனக்கு அதுல கோவம்.

லேப்_தம்பி

டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு. நான் டியூப் பக்கம் இருந்து சொல்றேன். ஊதா மூடி ஜீனுக்கு, சிவப்பு மூடி ஆன்டிபாடிக்கு. 7 வயசுப் பையன் 20 கிலோன்னா உடம்புல ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடும் அக்கா, 5 எம்எல்ங்கறது ஒரு டீஸ்பூன். எங்க அம்மா வத்தக்குழம்புக்கு விடற நல்லெண்ணெயே அதை விட ஜாஸ்தி.

ரகு_சேலம்

ரிப்போர்ட் தராம ரத்தம் மட்டும் வாங்கறது எனக்கு இன்னும் ஒப்பலை. ஆனா அந்த 56 சதவீதம் விஷயம் தெரியாது. எலின்னு சொன்னதுக்கு சாரி.

ஈரோட்டு_அம்மா

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து செக்கப். தமிழ் ஃபாரம் கேட்டேன், இருந்துச்சு, குடுக்கத்தான் இல்ல. வீட்டுக்காரர் அங்கயே பெஞ்சுல உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சார், ஒரு மணி நேரம். ஜீன் ரிசல்ட் வைத்தியத்துக்கு உதவற மாதிரி வந்தா மட்டும் சொல்லுவாங்களாம். மிச்ச ரத்தத்தை வேற எதுக்கும் எடுக்கக்கூடாதுன்னு டிக் பண்ணிட்டு போட்டுட்டார்.

பையன்கிட்ட டாக்டரம்மாவே கேட்டாங்க, உன்ன மாதிரி வேற பசங்களுக்கு உதவும், குடுக்கறியான்னு. எத்தனை ஊசின்னான். ஒண்ணுதான், எப்பவும் போடறதுதான்னாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு இடது கையில போடுங்க, வலது கையில பம்பரம் விடணும்னான்.