தாஷ்கந்த் – கீவா இரவு ரயில்: 37-ஆம் எண் படுக்கை பெட்டியில் எங்கே வரும்?

கேள்வி (வழிப்போக்கன்):
ஜூலையில் உஸ்பெகிஸ்தானில் தாஷ்கந்திலிருந்து கீவா போகணும். கூபே (கதவுள்ள நான்கு படுக்கை அறை) எல்லாம் தீர்ந்துவிட்டது. பிளாட்ஸ்கார்ட்டில் (கதவில்லாத திறந்த படுக்கைப் பெட்டி) 14, 22, 37, 38, 53 மட்டும் காலி. அம்மாவுக்கு 64 வயது, மேலே ஏற முடியாது. நம்மூர் ஸ்லீப்பர் கணக்கில் 37 நடுப் படுக்கை, 38 மேல் படுக்கை. அங்கேயும் அப்படித்தானா? இரண்டு பேருக்கும் எதை எடுப்பது?

பதில் (தண்டவாளம்):
நம்மூர்க் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள், அங்கே பொருந்தாது. நம்மூரில் எட்டெட்டாக எண்ணி, ஒவ்வொரு எட்டிலும் கடைசி இரண்டு சைடு. சோவியத் வகை பிளாட்ஸ்கார்ட் பெட்டியில் மொத்தம் 54 படுக்கை, ஒன்பது தடுப்பு (கதவில்லாத அறை போன்ற பகுதி). 1 முதல் 36 வரை தடுப்புக்கு நான்காக வரிசையாகப் போகும். சைடு படுக்கைகள் 37-இல் தொடங்கி எதிர்த்திசையில் திரும்பி வரும். அதனால் 37, 38 கடைசித் தடுப்புக்கு எதிரே, 53, 54 முதல் தடுப்புக்கு எதிரே. நடுப் படுக்கை கிடையாது. ஒற்றை எண் கீழ், இரட்டை எண் மேல். இது மாறவே மாறாது.

உங்கள் பட்டியலில் கீழ்ப் படுக்கை 37-உம் 53-உம் மட்டும்தான். 37-ஐ ஒட்டியே கழிவறைப் பக்கக் கதவு, இரவெல்லாம் திறந்து மூடும். 53 நடத்துநர் அறைப் பக்கம். அந்த முனையிலும் கழிவறை உண்டு, ஆனால் இடையில் நடத்துநர் அறை இருப்பதால் தொந்தரவு குறைவு. வெந்நீர்க் கொதிகலனும் அங்கேதான். அம்மாவுக்கு 53.

பதில் (சமோவார்):
53 சரி. கூடவே ஒன்று: சைடு கீழ்ப் படுக்கை பகலில் ஒரு சின்ன மேசையும் இரண்டு இருக்கையும். மேசைப் பலகையைத் திருப்பிப் போட்டால்தான் படுக்கை. 54-இல் இருப்பவருக்கும் பகலில் உட்கார அந்த எதிர் இருக்கைதான். அம்மா சீக்கிரம் படுப்பவர் என்றால் 54-இல் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு 22 வேண்டாம், 14 எடுங்கள். 22 ஆறாவது தடுப்பு. மூன்றாவது, ஆறாவது தடுப்புகளின் ஜன்னல் அவசர வழி, சாதாரணமாகத் திறக்காது. குளிர்சாதனம் இல்லாத பெட்டி என்றால் ஜூலையில் கைசில்கும் பாலைவனத்தைக் கடக்கும்போது அந்தத் தடுப்பு வேகும்.

வழிப்போக்கன்:
நன்றி. 53, 14 போட்டாச்சு. மெத்தை, போர்வை கொண்டு போகணுமா? கழிவறையைப் பூட்டிவிடுவார்கள் என்கிறார்களே?

பதில் (சமோவார்):
மெத்தையும் தலையணையும் பெட்டியிலேயே சுருட்டி வைத்திருக்கும். விரிப்பு, உறை, துண்டு ஒரே பொட்டலமாக நடத்துநர் தருவார், இறங்குமுன் திருப்பிக் கொடுக்கணும். வெந்நீர் இலவசம், தேயிலையும் குவளையும் எடுத்துப் போங்கள். குடிநீர் ஆளுக்கு 3 லிட்டராவது வேண்டும்.

பூட்டுவது உண்மைதான். பழைய பெட்டியில் கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். அதனால் பெரிய நிலையம் வருவதற்குச் சற்று முன்பே பூட்டி, ரயில் கிளம்பிய பிறகுதான் திறப்பார்கள். நிற்கும் இடங்களின் பட்டியல் நடத்துநர் அறை அருகே ஒட்டியிருக்கும். பெரியவர்களோடு போகிறவர்கள் ஏறியதும் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பதில் (தண்டவாளம்):
டிக்கெட்டில் புறப்படும் நிலையத்தை ஒருமுறை பாருங்கள். தாஷ்கந்தில் இரண்டு நிலையம்: ஷிமோலி என்றால் வடக்கு, ஜனூபி என்றால் தெற்கு. இரண்டுக்கும் நடுவே நடந்துபோக முடியாது, டாக்ஸி வேண்டும். நிலையத்துக்குள் நுழையும்போதே பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்த்து, பையை ஸ்கேன் செய்வார்கள். 45 நிமிடம் முன்பே போய்விடுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ஏறும்போது சிக்கல், இப்போதே சரிபாருங்கள்.

ஊர்கெஞ்ச் முதலில் வரும், அங்கே நிறைய பேர் இறங்குவார்கள். அவசரப்பட்டு நீங்களும் இறங்கிவிடாதீர்கள். டிக்கெட் கீவா வரை என்றால் உட்கார்ந்தே இருங்கள். கீவா நிலையத்திலிருந்து இச்சான் கலா கோட்டை பக்கம்தான், சூட்கேஸை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம்.