ஸ்கூலுக்கு லேப்டாப், புரொஜெக்டர்: கோயம்புத்தூரா, பாலக்காடா?

கேள்வி: சித்தூர் தாலுகா டீச்சர்

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல், தமிழ் மீடியம். எஸ்.ஐ.டி.சி. (ஸ்கூல் ஐ.டி. கோஆர்டினேட்டர்) பொறுப்பும் என் தலையில்தான். ஹைடெக் திட்டத்தில் கைட் (ஸ்கூல்களின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் கேரள அரசு நிறுவனம்) கொடுத்த புரொஜெக்டர்களில் இரண்டு மங்கிப்போய்விட்டன. ஜன்னலைச் சாத்தினாலும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரிவதில்லை. பழைய மாணவர்கள் பணம் திரட்டித் தந்திருக்கிறார்கள். மூன்று லேப்டாப், இரண்டு புரொஜெக்டர், கூடவே யு.பி.எஸ். வாங்கலாம் என்று முடிவு.

கொட்டேஷன் மூன்று வந்தாச்சு. கோயம்புத்தூர் கடை விலை குறைவு, எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் வழியாகக் கொண்டுவந்து மாட்டியே தருகிறேன் என்கிறார். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வாராம். பாலக்காட்டுக்காரர் விலை கொஞ்சம் கூட. மூன்றாவது எர்ணாகுளத்தில் இருந்து ஈமெயிலில் வந்தது, ஆளை யாரும் பார்க்கவில்லை. பி.டி.ஏ.வில் எல்லோரும் கோயம்புத்தூர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடப்போவது நான். என்னென்ன பார்க்கணும், சொல்லுங்க.

பதில்: கணக்கு வழக்கு

டீச்சர், மூன்று கொட்டேஷனிலும் வரியைப் பாருங்க. புரொஜெக்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. லேப்டாப்புக்கும் 18 தான். கோயம்புத்தூர்க்காரர் வேறு மாநிலம் என்பதால் ஐ.ஜி.எஸ்.டி. என்று 18 போடுவார், பாலக்காட்டுக்காரர் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போடுவார், நமக்கு ஒன்றுதான். கட்டும் வரியை ஸ்கூல் திரும்ப எடுக்க முடியாது, அதனால் வரியோடு சேர்ந்த தொகையை மட்டும் ஒப்பிடுங்க. எல்லை தாண்டி ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு வந்தால் ஈ-வே பில் (சரக்கோடு வரவேண்டிய ஆன்லைன் சீட்டு) வேணும். அதை எடுக்க வேண்டியது கடைக்காரர்.

பதில்: மீனாட்சிபுரம் மாஷ் (ரிட்டயர்டு வாத்தியார்)

விலையை அப்புறம் பேசலாம் டீச்சர். அந்த இரண்டு புரொஜெக்டரையும் முதலில் இறக்கிப் பாருங்க. நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததா? ஆனி, ஆடியில் கிளாஸுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டும். பக்கவாட்டில் ஃபில்டர் இருக்கும். நான் ஒன்றைக் கழற்றியபோது சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு அடை வந்தது. அதைத் துடைத்துவிட்டு மெனுவுக்குள் லேம்ப் ஹவர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்க. லேம்ப்தான் தீர்ந்திருக்கிறது என்றால் லேம்ப் மட்டும் மாற்றினால் போதும். புதுசு வாங்குவதானால் லேம்ப் இல்லாத எல்.இ.டி. அல்லது லேசர் நல்லது. லேம்ப் வகை என்றால் வாரண்டியில் மெஷினுக்கு ஒரு காலம், லேம்ப்புக்கு அதைவிடக் குறைந்த காலம் போட்டிருப்பார்கள். கொட்டேஷனில் பெரிய எண்ணை மட்டும்தான் காட்டுவார்கள்.

எக்ஸ்சேஞ்ச் பேச்சே வேண்டாம். கைட் கொடுத்தது ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறின சாமான், கடைக்காரர் கையில் தூக்கிக் கொடுத்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். கெட்டுப்போனது இ-வேஸ்ட் வழியில்தான் போகணும்.

லேப்டாப்புக்கு ஒரு வேலை செய்யுங்க. பென்டிரைவில் கைட் ஓ.எஸ். (ஸ்கூலுக்காகக் கைட் தரும் லினக்ஸ்) ஏற்றிக் கையோடு கொண்டுபோங்க. அவர் தரப்போகிற அதே மாடலில் இன்ஸ்டால் பண்ணாமல் பென்டிரைவில் இருந்தே லைவாக பூட் பண்ணி வைஃபை, சவுண்டு, கேமரா மூன்றும் எடுக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்க. கடையில் எல்லாம் வின்டோஸில்தான் காட்டுவார்கள், நமக்குப் பாடம் நடப்பது லினக்ஸில். சில புது மாடலில் வைஃபை கார்டு எடுக்காது.

யு.பி.எஸ். என்றால் எத்தனை வாட் என்று கேளுங்க. 600 வி.ஏ. என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் வரும். புரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

பதில்: கோபாலபுரம் அப்பா

மாஷ் சொல்வது சரி, ஆனால் கோயம்புத்தூர் என்றாலே பயப்பட வேண்டாம். லேப்டாப் வாரண்டி கம்பெனி தருவது, கடை தருவது இல்லை. நம்ம பின்கோடுக்கு ஆன்சைட் சர்வீஸ் (ஸ்கூலுக்கே ஆள் வந்து பார்ப்பது) உண்டா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்கலாம். 'கேரி-இன்' என்று இருந்தால்தான் தூக்கிக்கொண்டு அலையணும். எனக்குத் தெரிந்த ஸ்கூலில் பக்கத்து டவுன் கடையில்தான் வாங்கினார்கள். காசு கைக்குப் போன பிறகு 'சர்வீஸ் பையன் லீவு' என்ற பதில் தவிர எதுவும் வரவில்லை. எந்தக் கடையானாலும் பில் தொகையில் பத்து சதவீதமாவது நிறுத்திவைத்து, மாட்டி ஓடவிட்டு ஒரு மாதம் கழித்துக் கொடுங்க. இதற்கு யார் ஒத்துக்கொள்கிறாரோ அவரிடம் வாங்கலாம்.

சித்தூர் தாலுகா டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கொட்டேஷனை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். எர்ணாகுளத்தில் புரொஜெக்டருக்கு இன்னும் 28 போட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் அடியில் பொடி எழுத்தில் 'வரி தனி'. சேர்த்துப் பார்த்தால் பாலக்காட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை! ஃபில்டரை ஏழாம் வகுப்புப் பையன்களை விட்டே கழற்றினோம், ஒரு புரொஜெக்டர் பளிச்சென்று வந்துவிட்டது. இன்னொன்றுக்கு லேம்ப்தான் தீர்ந்திருக்கிறது. ஆக அதற்குப் பதிலாகப் புதுசு ஒரு புரொஜெக்டர் போதும். திங்கள்கிழமை பென்டிரைவோடு பாலக்காடு போகிறேன், பத்து சதவீதம் நிறுத்துவதையும் கேட்கிறேன். மாஷ், பத்து மீட்டர் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் கேட்கிறார்கள், சாதாரணது தாங்குமா?

மீனாட்சிபுரம் மாஷ் (ரிட்டயர்டு)

மலிவுக் கேபிள் அந்த நீளத்துக்குப் படம் விட்டு விட்டு வரும். ஐந்து மீட்டருக்குள் முடிகிற மாதிரி டேபிளை நகர்த்திப் போடுங்க.