மேட்டுத்தெரு அயலவர், பண்டாரவளை: முச்சந்தி மரத்தை வெட்டுவதா?

சிவா: முச்சந்தி ஜக்கரண்டாவில் ரோட்டுப் பக்கக் கொப்புகள் எல்லாம் காய்ந்துவிட்டன. இந்தக் காற்றுக்கு ஒன்று முறிந்தால் வயர் மேல்தான் விழும். மரத்தை வெட்டச் சொல்லிக் கடிதம் கொடுப்போமா?

பாத்திமா ராத்தா: நல்லா நின்ற மரம். பூச்சி பிடித்ததா?

ராமையா தாத்தா: பூச்சி இல்லை மகள். முந்தின வருஷம் தண்ணீர்க் குழாய் போட ரோட்டோரம் கான் வெட்டினார்களே, அந்தப் பக்கம்தான் காய்கிறது. வேர் அறுந்தால் அதற்கு நேர் மேலே உள்ள கொப்புதான் முதலில் போகும்.

நிலானி: தாத்தா சொல்வது சரி. தண்ணீர் இழுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன, கொப்பு பரந்த அளவையும் தாண்டி ஓடுகின்றன. வேர் அறுந்தாலும், சேர்த்து வைத்த சத்தில் மரம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். வருத்தம் வெளியே தெரிவது அப்புறம்தான்.

சிவா: மற்றப் பக்கம் த்ரீவீல் நிறுத்தி நிறுத்தி மண் கல்லாகிவிட்டது.

நிலானி: அதுவும் கெடுதல்தான் அண்ணா. இறுகின மண்ணுக்குள் காற்றும் போகாது, மழைத் தண்ணீரும் இறங்காது. வேர் மூச்சு முட்டித்தான் சாகும்.

கௌரி டீச்சர்: மரத்தைச் சாய்க்காமல் தலையை மட்டும் மொட்டையடித்தால் என்ன? தோட்டத்தில் முள்முருங்கையை அப்படித்தானே வெட்டுகிறார்கள்?

ராமையா தாத்தா: வேண்டாம் டீச்சர். முள்முருங்கை வெட்ட வெட்டத் தழைக்கும், அதனால்தான் தேயிலைக்குள் வைத்தார்கள். பெரிய ஜக்கரண்டாவை மொட்டையடித்தால் வெட்டுவாயில் உளுத்துப் போகும். அதில் கிளம்பும் புதுக் கொப்புகளுக்குப் பிடிப்பு இருக்காது, பின்னால் வரும் காற்றில் அவைதான் முறியும். காய்ந்த கொப்பை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கொப்பு தொடங்கும் இடத்துத் தடிப்பில் கத்தி படக்கூடாது, காயம் ஆறுவது அங்கிருந்துதான்.

நிலானி: சிவா அண்ணா, அடிமரத்தைச் சுற்றிக் காளான் இருக்கிறதா? இருந்தால் வேர் அழுகுவதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் வெட்டவும் வேண்டிவரலாம்.

சிவா: [படம்] இப்போதுதான் பார்த்தேன். காளான் இல்லை. ஆனால் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் நிறைய.

பாத்திமா ராத்தா: அல்லாஹ்! பாவம் அந்த மரம்.

கௌரி டீச்சர்: எனக்கு இன்னொரு கவலை. ஜூன் 5 சுற்றாடல் தினத்துக்குப் பிள்ளைகள் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் கருகிவிட்டன. தினமும் போய்ப் பார்க்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

தேவி (ஹட்டன்): இங்கே அதே நாளில் வைத்தவை துளிர் விட்டுவிட்டன டீச்சர். மழை விட்டபாடில்லை.

ராமையா தாத்தா: அதுதான் விஷயம். தென்மேற்கு மழையை ஹட்டன், நுவரெலியா பக்கமே வாங்கிக்கொள்கிறது. மலை தாண்டி நமக்கு வருவது வறண்ட காற்று மட்டும்தான். பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. காலண்டரில் உள்ள நாளைப் பார்த்து நட்டால் இங்கே கன்று பிழைக்காது.

நிலானி: நட்ட பிறகும் இருக்கிறது தாத்தா. நியூயோர்க்கில் இளம் தெருமரங்களை 2006, 2007இல் எண்ணிப் பார்த்தபோது நான்கில் மூன்று பங்குதான் உயிரோடு இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் கவனித்த அடையாளம் தெரிந்த மரங்கள் அதிகம் பிழைத்திருந்தன. வீதி நடுத் திட்டில் நின்றவை அதிகம் செத்திருந்தன. இன்னொன்று டீச்சர், கறுப்புப் பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பிரித்துவிட்டுத்தான் நட வேண்டும். விட்டால் வளர்ந்த பிறகு அந்த வேரே மரத்தை நெரிக்கும்.

கௌரி டீச்சர்: அப்படியானால் ஒக்டோபரில் மறுபடி நடுவோம். ஒரு கன்றுக்கு ஒரு வீடு பொறுப்பு. சம்மதமா?

பாத்திமா ராத்தா: எங்கள் வாசலில் ரெண்டு வையுங்கள். அரிசி கழுவின தண்ணீர் தினமும் இருக்கும்.

ராமையா தாத்தா: அது போதாது மகள். மழை இல்லாத காலத்தில் வாரத்துக்கு ரெண்டு தரம் வாளி நிறைய, மெதுவாக ஊற்ற வேண்டும். ரெண்டு மூன்று வருஷத்துக்காவது.

சிவா: கடிதத்தை மாற்றி எழுதுகிறேன். காய்ந்த கொப்பை மட்டும் எடுக்கவும், ஆணிகளைக் கழற்றவும் கேட்போம். த்ரீவீல் தம்பிகளோடு நாளைக் காலையில் நானே பேசுகிறேன். தாத்தா, நீங்களும் வருவீர்களா?

ராமையா தாத்தா: ஏழு மணிக்கு வா. வேர் எதுவரை ஓடுகிறது என்று காட்டுகிறேன், அதுவரை கல் அடுக்கிவிடலாம்.