‘மின்துணை’யா, ‘மின்தாங்கலா’? ஹைபிரிட் காரின் பேட்டரி அதிவேகத்தில் செய்யும் பணிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியால் ஓடும் மின்பொறியும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் அதிவேகத்தில் செல்லும்போது அதன் பேட்டரி ஆற்றும் பணியைக் குறிக்க ‘மின்னோட்ட நிலை’, ‘மின்துணை’ என்ற இரு சொற்கள் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளன. முதற்சொல்லை ஏற்பதற்கில்லை. மின்னோட்டம் என்பது ஆம்பியரில் அளக்கப்படுவதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே நிலைத்துவிட்ட பெயர். ‘கார் மின்னோட்ட நிலைக்கு வந்தது’ என்று எழுதினால் கார் ஓடுவதைச் சொல்கிறோமா, கம்பியில் மின்சாரம் ஓடுவதைச் சொல்கிறோமா என்று படிப்பவர் திகைப்பார். ‘மின்துணை’யில் அந்தக் குழப்பம் இல்லையென்றாலும், அது உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது.

ஏன் பாதி என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பேட்டரி, 168 நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்களைத் தொடராக இணைத்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி. கலங்களின் ஆயுளைக் காக்க, அதை முழுவதும் நிரப்புவதும் இல்லை, முழுவதும் வடிப்பதும் இல்லை; நடுவில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அப்பகுதி அரை கிலோவாட் மணி என்றும், 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்கு 15 கிலோவாட் தேவை என்றும் வைத்துக்கொண்டால், பேட்டரி தனியாகக் காரை இழுக்கக்கூடிய நேரம் 2 நிமிடம்தான். வேகம் இருமடங்கானால் காற்றின் தடைவிசை நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகிறது. ஆகவே அதிவேகத்தில் சுமையை இழுப்பது எஞ்சின்தான். அதில் நட்டமும் பெரிதில்லை. அந்தச் சுமையில் எஞ்சின் தன் சிறந்த செயல்திறனுக்கு அருகில் ஓடுகிறது. அதன் ஆற்றலை மின்சாரமாக்கி, பேட்டரியில் சேர்த்து, மீண்டும் சக்கரத்துக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும்.

அப்படியானால் பேட்டரிக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. முந்திச் செல்ல மிதியை அழுத்தும் சில நொடிகளிலும், மேட்டில் ஏறும்போதும் பேட்டரி கொடுக்கிறது. இறக்கத்திலும், வேகம் குறைக்கும்போதும் வாங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பேட்டரி ஏற்றுக்கொள்வதால்தான் எஞ்சினை ஏறத்தாழ ஒரே சீராக ஓடவிட முடிகிறது. கொடுப்பதும் வாங்குவதுமான இந்த இருவழிப் பணியில் ‘துணை’ என்ற சொல் கொடுப்பதை மட்டுமே காட்டுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. பிரியஸில் எஞ்சினையும், மின்சாரத்தால் சுழலவும் சுழற்றினால் மின்சாரம் ஆக்கவும் கூடிய இரு மின்பொறிகளையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. நடுவிலுள்ள சூரியச் சக்கரத்துக்கு 30 பற்கள், காரின் சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் வெளிவளையத்துக்கு 78 பற்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது வளையம் ஒரு சுற்றுச் சுற்றினால் சூரியச் சக்கரம் எதிர்த்திசையில் 2.6 சுற்றுச் சுற்ற வேண்டும். அதனுடன் இணைந்த சிறிய மின்பொறி வரம்பு மீறிச் சுழலக்கூடாது என்பதற்காகவே, அந்த மாதிரியில் ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எஞ்சின் எரிபொருள் இல்லாமலேனும் சுழன்றாக வேண்டியிருக்கிறது. அதற்கும் மேலான வேகத்தில், சமதரையில் இலகுவான சுமையோடு செல்கையில், பெரிய மின்பொறி மின்சாரம் ஆக்க, சிறிய மின்பொறி அதை வாங்கிச் சுழல்வதும் உண்டு. அந்த மின்சாரம் பேட்டரிக்குள் நுழையாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடுகிறது. ‘மின்துணை’ என்று பொதுவாகச் சொன்னால் இதுவும் அதில் அடங்கிவிடும். நமக்குத் தேவையோ பேட்டரியின் பணிக்கு மட்டுமான சொல்.

எனவே ‘தாங்கல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மிகுந்த நீரை ஏற்று, வேண்டும்போது விடும் சிறு ஏரிக்குத் தமிழில் தாங்கல் என்று பெயர். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அது இன்றும் நிற்கிறது. வேதியியலில் சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அமிலத்தன்மை பெரிதாக மாறாமல் காக்கும் கரைசலைத் தாங்கல் கரைசல் என்றே மாணவர்கள் படிக்கிறார்கள். பேட்டரியின் பணிக்கு இரு பொருளுமே பொருந்துகின்றன. ‘முந்தும்போது மின்தாங்கல் 20 கிலோவாட் வரை கொடுத்தது’, ‘இறக்கத்தில் மின்தாங்கல் நிரம்பியதால் எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுப்பது தொடங்கியது’ என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடுக்கவில்லை.

மறுப்பு வரும் இடங்களும் தெரிகின்றன. பந்துத் தாங்கி, உருளைத் தாங்கி என்று பேரிங்கைக் குறிக்கப் பொறியியலில் ‘தாங்கி’ ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வருமே என்று கேட்கலாம். தாங்கி உறுப்பின் பெயர், தாங்கல் செயலின் பெயர். தாங்கியை, தாங்கலை என்று உருபேற்றாலும் வேறுபாடு கெடவில்லை. மனத்தாங்கல் நினைவுக்கு வருகிறது என்று யாரேனும் சொன்னால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

செருகி மின்னேற்றும் ஹைபிரிட் கார்களுக்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றின் பேட்டரி பெரிது. நெடுஞ்சாலை வேகத்திலும் எஞ்சினை எழுப்பாமல் பல கிலோமீட்டர் ஓட்டக்கூடியது. அங்கே பேட்டரி தாங்கவில்லை, தானே இழுக்கிறது. அந்த நிலைக்கு ‘தனிமின் இயக்கம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.